ஒட்டடை என்று துடைத்து விடாதீர்கள்!

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு குடும்பப் பெண் எங்கே போவாள்? கோயிலுக்கு என்பீர்கள். நானும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்த இடம் பல்லாவரம் சந்தை!

சென்னைவாசிகளுக்கு அந்தச் சந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் நேயர்களுக்காக ஒரு வார்த்தை. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை பழைய டிரங்க் ரோடு நெடுகக் கூடுகிற சந்தை அது. ரோஜாச் செடி வாங்கலாம், நாய்க்குட்டி வாங்கலாம், ஓடாத கடிகாரம், கால் போன நாற்காலி, ஜோடியில்லாத பூட்டு, பூட்டில்லாத சாவி, எல்லாம் வாங்கலாம். நான் ரோஜாச் செடிக்குத்தான் போனேன். போன இடத்தில், ஒரு கோணிச் சாக்கின் மேல், பழைய மின்விசிறி இறக்கைகளுக்கும் குக்கர் மூடிகளுக்கும் நடுவே, கறுத்துப் போன பித்தளைக் குழாய் ஒன்று கிடந்தது. ஒன்றரை முழ நீளம் இருக்கும். இரண்டு முனையிலும் கண்ணாடி.

“இது என்னப்பா?” என்றேன்.

“தொரைங்க டெலஸ்கோப்பும்மா. கப்பல்லே இருந்தது” என்றான் கடைக்காரப் பையன்.

அது கப்பலையே பார்த்ததில்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏனென்றால் குழாயோடு ஒட்டினாற்போல் சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு நீர்க்குமிழி இப்படியும் அப்படியும் ஓடிக்கொண்டிருந்தது. கொத்தனார் கையில் ரசமட்டம் பார்த்திருப்பீர்களே, அதே குமிழிதான்.

என் தகப்பனார் பொதுப்பணித் துறையில் ஓவர்சீயராக இருந்தவர். 1960-களில் நாங்கள் வாய்க்கால் கரையிலும் அணைக்கட்டு ஓரத்திலும் குடியிருந்த வீடுகளில் எல்லாம், சுவாமி படத்துக்கு அடுத்தபடி மரியாதை பெற்ற வஸ்து ஒன்று உண்டு. மரப்பெட்டிக்குள் இருக்கும் “டம்பி லெவல்”. டம்பி என்றால் குட்டையும் பருமனுமானது என்று அர்த்தம். வில்லியம் கிராவட் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் 1832-ல் செய்தது. தொலைநோக்கி ஒன்று, அதனுடன் ஒரு ரசமட்டம், நிற்க மூன்று கால், அவ்வளவுதான் கருவி. ஆனால் இந்த ஊர் வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று, தண்ணீர் வருவதற்கு முன்பே சொல்லிவிடும்!

ஒரு நாள் அப்பா நல்ல மனநிலையில் இருந்தபோது அதன் வழியாகப் பார்க்க விட்டார். கிணற்றடியில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள், தலைகீழாக! வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தக் காலத்துக் கருவிகளில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். நேராக்குவதற்கு இன்னும் இரண்டு கண்ணாடி வேண்டும். கண்ணாடி கூடினால் வெளிச்சம் குறையும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். நான் குழாயைப் பிடிக்கக் கை நீட்டினேன். “தொடாதே! உள்ளே கம்பி இருக்கு. அறுந்துடும்” என்றார் அப்பா. நேயர்களே, இந்தக் ‘கம்பி’யைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஞாபகம் வைத்துக்கொள்ளாமல்தான் கெட்டேன்.

வாங்குமுன்...

இப்போது ஆட்டோ லெவல், டோட்டல் ஸ்டேஷன் என்று புதுக் கருவிகள் வந்துவிட்டன. அதனால் பழையவை ஒவ்வொன்றாகப் பழைய சாமான் கடைக்கு வருகின்றன. துப்பாக்கியின் மேல் பொருத்திய பழைய தொலைநோக்கியானாலும் சரி, தாத்தாவின் பைனாகுலரானாலும் சரி, பார்த்து வாங்குகிற விதம் ஒன்றுதான்.

முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். சூரியனுக்கு எதிரே அல்ல. தொலைநோக்கியால் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும், அரை விநாடி கூட வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை இரண்டு தரம் சொல்லி வையுங்கள். வானத்தின் வேறு பக்கத்தை நோக்கிப் பிடித்தால் போதும். கண்ணாடியின் மேல் கிளை கிளையாகப் பாசி படர்ந்தாற்போல் இருந்தால் அது பூஞ்சணம். நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில், தோல் பைக்குள் மூடி வைத்த கண்ணாடிக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். ஆரம்ப நிலையில் துடைத்தால் போகும். முற்றினால் கண்ணாடியையே அரித்துவிடும். பிறகு எந்த வைத்தியரும் பிழைக்க வைக்க முடியாது.

முன்பக்கக் கண்ணாடி ஒன்று போல் தெரியும். உண்மையில் இருவகைக் கண்ணாடி, கனடா தேசத்து பால்சம் மரத்துப் பிசினால் ஒட்டியிருப்பார்கள். வயதானால் பிசின் பழுப்பேறும். ஓரத்தில் வானவில் வளையம் விழும். ஒட்டு விடுகிறது என்று அர்த்தம். விலையைக் குறையுங்கள். அப்புறம், திருகாணிகளின் தலையைப் பாருங்கள். காய்கறிக் கத்தியால் திருகினாற்போல் தலை சிதைந்திருந்தால், உங்களுக்கு முன்னே யாரோ ஒரு ‘டாக்டர்’ உள்ளே கை வைத்திருக்கிறார்!

பளபளவென்று மின்னுவதைக் கண்டு மயங்கவே வேண்டாம். ரூர்க்கியில் அளவைக் கருவி செய்யும் தொழில் வெகு காலமாக உண்டு. அங்கே அலங்காரத்துக்கென்றே பித்தளைத் தொலைநோக்கிகளும் செய்கிறார்கள். பழைய கம்பெனிப் பேரும் ‘லண்டன்’ என்ற எழுத்தும் கொட்டை கொட்டையாகப் பொறித்திருக்கும். ஷோகேஸில் வைக்க அழகுதான். கிழவி என்று நினைத்து வாங்கினால் போன வருஷத்துக் குழந்தை!

என் குழாய் இந்தப் பரீட்சையில் எல்லாம் தேறியது. பாசி லேசாகத்தான் இருந்தது. குமிழிக் குப்பி உடையவில்லை. கண்ணில் வைத்துப் பார்த்தேன். தாம்பரம் பஸ் தலைகீழாக ஓடியது. குறுக்கே இரண்டு மூன்று மெல்லிய கோடுகள். தூசி என்று நினைத்தேன். பையன் மூவாயிரம் சொன்னான். “கண்ணாடி பாசி பிடிச்சிருக்கு, குழாய் கறுத்துப் போச்சு” என்று ஆரம்பித்து ஆயிரத்து எண்ணூறில் முடித்தேன். மூன்று கால் பலகை ஒன்றும் பின்னாலேயே கிடந்தது. அதற்குத் தனியாக முந்நூறு. ரோஜாச் செடி வாங்கப் பணமில்லை. நானும் குழாயுமாக ஆட்டோவில் வந்து இறங்கியதைப் பார்த்து என் வீட்டுக்காரர், “எந்த அம்மன் கோயில் பிரசாதம் இது?” என்று கேட்டார்.

புளியும் பஞ்சும்

சகோதரிகளே, பித்தளையைக் கண்டால் நம் கை சும்மா இருக்குமா? அன்று சாயங்காலமே புளியைக் கரைத்தேன். அரை மணியில் குழாய் தங்கமாகிவிட்டது. மறுநாள் காலை ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு! பழைய கருவிகளின் பித்தளைமேல் மெல்லிய அரக்குப் பூச்சு போட்டிருப்பார்கள். அந்தக் கறுப்பும் பழுப்பும் அழுக்கல்ல, காற்றும் ஈரமும் படாமல் காக்கிற சட்டை. சட்டையை நானே உரித்துவிட்டேன். வாங்குகிறவர்கள் கண்ணில் அதன் விலையும் பாதியாகிவிட்டது என்று பிறகு தெரிந்தது.

அது போகட்டும். பெரிய பாவம் அதற்கப்புறம்தான். கண் வைக்கிற பக்கத்துக் குழாயைத் திருகிக் கழற்றினேன். உள்ளே ஒரு பித்தளை வளையம். அதன் குறுக்கே, உற்றுப் பார்த்தால்தான் தெரியும், கூட்டல் குறி போல இரண்டு இழை ஓடியது. “அட, உள்ளே போய்ச் சிலந்தி கூடு கட்டியிருக்கிறதே!” என்றேன். காது துடைக்கிற பஞ்சுக் குச்சியால் ஒரே இழுப்பு. சுத்தம்!

திரும்ப மாட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தலைகீழாக, தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. கோடுகளைக் காணோம். அப்போதுதான் எனக்கு அறுபது வருஷத்துக்கு முந்திய அப்பாவின் குரல் கேட்டது. “உள்ளே கம்பி இருக்கு.” கம்பி என்றால் இரும்புக் கம்பி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

அந்தக் கோடுகள் இல்லாத லெவல், முள் இல்லாத கடிகாரம். படம் தெரியும், ஆனால் எந்தப் புள்ளி நேர் மட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அது அப்பா வைத்திருந்த கருவி அல்ல என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் அப்பாவுடையதையே உடைத்தாற்போல் இருந்தது.

என் வீட்டுக்காரர் சரித்திரப் பைத்தியம். சமாதானம் சொல்ல வந்தார். “நீ வாங்கின பல்லாவரத்துக்குப் பக்கத்திலேதானே பரங்கிமலை? லாம்டன் துரை இந்தியாவை அளக்க ஆரம்பிச்ச இடம். அவருக்கு நடந்ததைக் கேள்” என்றார்.

1802-ம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி, பரங்கிமலைப் பக்கத்தில் நூறடி எஃகுச் சங்கிலியை வைத்துச் சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார் வில்லியம் லாம்டன். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தேசம் முழுவதும் அளந்துகொண்டு போனார்கள். அதற்கென்று லண்டனில் கேரி என்பவர் செய்த ராட்சஸத் தியோடலைட் அரை டன் எடை. அதைக் கொண்டுவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியில் இருப்பது என்ன என்று தெரிந்ததும் மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். யுத்தத்தில் தப்பித்த அந்தக் கருவிக்குத் தஞ்சாவூரில் கண்டம் காத்திருந்தது! 1808-ல் பெரிய கோயிலின் உச்சிக்குக் கயிறு கட்டி ஏற்றினார்கள். சுவரில் மோதாமல் இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. கருவி போய்ச் சுவரில் அறைந்து, மூன்றடி அகலமுள்ள அதன் பெரிய வட்டம் நசுங்கிவிட்டது.

லாம்டன் யாரையும் ஏசவில்லையாம். திருச்சிராப்பள்ளிக்கு எடுத்துப் போய், ஒரு கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமை வேலைக்காரர்களைத் தவிர ஒருவரும் உள்ளே வரக்கூடாது. கருவியை அக்கு அக்காகக் கழற்றினார். பெரிய பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டிக்கொண்டு, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, நசுங்கிய வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அந்த வட்டத்தில் பொருத்தினார். வளைந்த ஆரைகளைச் சின்ன மரச் சுத்தியால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம்! ஏறக்குறைய பழைய உருவம் வந்துவிட்டது. அதன் பிறகும் பல வருஷம் அந்தக் கருவி உழைத்தது.

“ஆறு வாரம் உன்னை யார் கூடாரத்திலே விடுவார்கள்? ரிப்பேர்காரரைப் பார்” என்று முடித்தார் என் வீட்டுக்காரர்.

சிலந்தி கடன் கிடைக்குமா?

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்து. மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை. சர்வே கருவிகளை ஐம்பது வருஷமாகப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அந்த வம்சமே இந்தப் பக்கத்தில் பழசு. எவரெஸ்ட் துரையின் காலத்தில் சர்வே இலாகாவின் கருவிகளைச் செய்யும் பொறுப்பு வரை உயர்ந்த சையத் மீர் மோசின் உசேன், நம் ஆற்காட்டுக்காரர்தானே!

பெரியவர் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “புளி போட்டீங்களா அம்மா?” என்றார். தலையைக் குனிந்தேன். உள்ளே பார்த்தார். “நூலையும் எடுத்துட்டீங்க.”

“நூலா? அது ஒட்டடை இல்லையா?”

“ஒட்டடைதாம்மா. சிலந்தி நூலு. வேணும்னுதான் வெச்சிருக்கு.”

கேளுங்கள் இந்த அதிசயத்தை! குறுக்குக் கோடு இருக்கும் இடத்தைத்தான் கண் வைக்கும் கண்ணாடி பெரிதாக்கிக் காட்டுகிறது. அங்கே நம் தலைமுடியை வைத்தால் வடக்கயிறு மாதிரி தெரியும். பார்க்க வேண்டிய புள்ளியையே மறைத்துவிடும். சிலந்தி நூலோ தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூடப் பருமன் இல்லை. ஆனால் உறுதி. ஆகவே வெகு காலமாக மனிதன் சிலந்தியிடம் நூல் இரந்து வாழ்ந்திருக்கிறான். 1640-ஐ ஒட்டி இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காய்ன் என்ற இளைஞர் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு சிலந்தி இழை கட்டியிருந்தது. தூரத்துக் காட்சியும் இழையும் ஒருசேரத் துல்லியமாகத் தெரிந்தன. தொலைநோக்கியால் பார்க்க மட்டுமல்ல, குறியும் வைக்கலாம் என்று அவருக்கு அப்போது தட்டியது. பாவம், 1644-ல் மார்ஸ்டன் மூர் யுத்தத்தில் சிறு வயதிலேயே மாண்டுபோனார். நான் ஒட்டடை என்று துடைத்ததை அவர் ஒட்டடை என்று துடைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்!

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் கலிபோர்னியாவில் நேன் சாங்கர் என்ற அம்மையார் வீட்டிலேயே சிலந்தி வளர்த்தார். அதில் ‘கருப்பு விதவை’ என்ற விஷச் சிலந்தியும் உண்டு. நூலை இழுத்துச் சுற்றிக் குறிபார்க்கும் கருவிகளுக்கு அனுப்பினார். இப்போதைய கருவிகளில் கண்ணாடியிலேயே கோடு கீறிவிடுகிறார்கள். என்னுடையது பழசு, அதற்குச் சிலந்திதான் வேண்டும்.

“நூல் நான் கட்டித் தரேன். சிலந்தி கொண்டாங்க அம்மா. தோட்டத்துச் சிலந்தியா, சின்னதா இருக்கணும்” என்றார் பெரியவர்.

எங்கள் வீட்டில் சிலந்தி ஏது? வாரம் ஒரு தரம் ஒட்டடைக் கோல் எடுக்கிறவள் என்று எனக்குப் பெயர். வேறு வழியில்லாமல் அடுத்த வீட்டு மாமியிடம் போனேன். “மாமி, உங்க வீட்டிலே சிலந்தி இருக்குமா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்ட கேள்வியின் லட்சணம் புரிந்தது. மாமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் அவர்கள் வீட்டு முருங்கை மரத்திலிருந்தே, சமையலறைப் பக்கமே போகாமல், மூன்று சிலந்திகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துக் கொடுத்துச் சமாதானமானார்.

பெரியவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே! சிலந்தியை ஒரு குச்சியின் மேல் விட்டு மெல்லத் தட்டினார். அது நூல் விட்டுக்கொண்டு கீழே இறங்கியது. கவை போல் வளைத்த கம்பியால் அந்த நூலை இடைவெளி விட்டுச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டார். பூச்சி பிடிக்கிற வலை நூல் பசையாக இருக்கும், உதவாது. இறங்குகிற நூல்தான் வழவழப்பு. வளையத்தில் நூல் உட்காருவதற்கென்று முடி போல் கீறல்கள் இருந்தன. ஒரு நூலை எடுத்து இரு நுனியிலும் மெழுகுத் துணுக்கு ஒட்டி, வாய் ஆவி படும்படி ஊதினார். ஈரம் பட்டால் நூல் இளகும். அந்த நிலையில் கீறலில் படுக்க வைத்தார். மெழுகின் கனம் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தது. நுனியில் ஒரு சொட்டு அரக்கு. காய்ந்ததும் நூல் வீணைத் தந்தி போல் நின்றது. முதல் இரண்டு தடவை அறுந்தது. அவர் முகம் சுளிக்கவேயில்லை. சிலந்தியை மறுபடி தட்டினார்.

கண்ணாடி துடைப்பதையும் அங்கேதான் கற்றேன். முதலில் ரப்பர்ப் பந்தால் காற்றடித்துத் தூசியை ஓட்ட வேண்டும். தூசியோடு துடைத்தால் கீறல். பல தடவை துவைத்து மெத்தென்றான மல் துணியை லேசாக நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாகத் துடைக்க வேண்டும். திரவத்தைக் கண்ணாடி மேல் ஊற்றவே கூடாது. ஓரத்தில் இறங்கி ஒட்டுப் பிசினைக் கெடுக்கும். வீட்டுக்கு வந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வை என்றார். கட்டைப் பெட்டியும் தோல் பையும் ஈரம் குடிக்குமாம்.

மொட்டை மாடியில்

இத்தனை செலவும் எதற்கு என்று கேட்கிறீர்களா? என் வீட்டுக்காரரும் கேட்டார். பதில் மொட்டை மாடியில் இருந்தது.

அந்த மாதம்தான் மாடித் தளத்தைக் கொத்திப் புதிதாக ஓடு பதித்திருந்தோம். மூலையில் தண்ணீர் தேங்கும் என்று எனக்குச் சந்தேகம். கொத்தனார், “ரசமட்டம் வெச்சுத்தாம்மா பாத்தேன். வாட்டம் கரெக்டா இருக்கு” என்று சாதித்தார். கடைசித் தவணைப் பணம் கேட்டு நின்றார். ஐப்பசி மழைக்கு இன்னும் பதினைந்து நாள்.

மூன்று கால் பலகையை மாடியில் விரித்தேன். திரைச்சீலைக் கழியில் என் தையல் டேப்பை ஒட்டி, கொத்தனாரின் கையாளிடம் கொடுத்தேன். கருவியைத் தண்ணீர் வெளியேறும் துவாரத்துக்கும் சந்தேக மூலைக்கும் சரி நடுவில் வைத்தேன். அப்பா அப்படித்தான் வைப்பார். நடுவில் வைத்தால், கருவியில் சின்னக் கோணல் இருந்தாலும் இரு பக்கமும் சமமாகி அடிபட்டுப் போகும். குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். துவாரத்தின் மேல் கழியை நிறுத்தச் சொன்னேன். எண்கள் தலைகீழாக, அதன் குறுக்கே முருங்கை மரத்துச் சிலந்தியின் நூல். ஐம்பது அங்குலம். குழாயை மூலைப் பக்கம் திருப்பினேன். ஐம்பத்தொன்றரை.

கழியில் எண் கூடினால் தரை பள்ளம் என்று அர்த்தம். துவாரத்தைவிட மூலை ஒன்றரை அங்குலம் தாழ்வு! தண்ணீர் வெளியே போவதாவது? இரண்டடி ரசமட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசகு, முப்பதடி போவதற்குள் ஒன்றரை அங்குலமாக வளர்ந்துவிட்டது.

கொத்தனார் நம்பவில்லை. தாமே குனிந்து பார்த்தார். “என்னம்மா, பையன் தலைகீழா நிக்கறான்!” என்றார். அப்புறம் கோட்டைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். கழியை இடம் மாற்றச் சொல்லி மறுபடி பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் இரண்டு ஆளோடு வந்து மூலையைக் கொத்த ஆரம்பித்துவிட்டார். கூலி கேட்கவில்லை.

வேலை முடிந்த அன்று தயங்கித் தயங்கி நின்றார். “அம்மா, அடுத்த தெருவிலே ஒரு மாடி வேலை எடுத்திருக்கேன். அந்தக் குழாயை ஒரு நாள் இரவல் குடுப்பீங்களா?” என்று சொல்லிக்கொண்டே, டப்பாவின் மேல் கையை வைத்தார்.

“தொடாதீங்க! உள்ளே கம்பி இருக்கு. அறுந்துடும்” என்றேன்.